டிபேஸ் முதல் ஜாங்கோ வரை: கணக்குப்பிள்ளை நிரல் எழுதிய கதை

"சின்னதா ஒரு தரவுத்தளப் பயன்பாடு செய்யணும். உலாவியில் திறக்கணும், நாலு பேர் பயன்படுத்தணும். எனக்கு நிரல் எழுதிப் பழக்கமில்லை. எந்த ப்ரேம்வொர்க்கை எடுத்துக்கட்டும்?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கணினித் துறைக்காரர்கள் இல்லை. கூட்டுறவுச் சங்கச் செயலாளர், பள்ளி அலுவலக எழுத்தர், மருந்துக் கடைக்காரர், தமிழ்ச் சங்க நூலகத்தைக் கவனித்துக்கொள்பவர் என்று இப்படிப்பட்டவர்கள்தான். ஆனால் பதில் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் கணினித் துறைக்காரர்கள். ஒரு நொடிக்கு எத்தனை ஆயிரம் பேரைத் தாங்கும், எது நவீனம், எதற்கு வேலைவாய்ப்பு அதிகம் என்று விவாதம் சூடு பிடிக்கும். கேட்டவர் சத்தம் போடாமல் எக்ஸெல்லுக்கே திரும்பிப் போய்விடுவார்.

நான் வணிகவியல் படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன். மும்பையில் குப்பை கொட்ட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் இந்தக் கேள்வியைப் பேரேட்டின் பக்கத்திலிருந்துதான் பார்க்க வருகிறது. அப்படிப் பார்த்தால் இது புதுக் கேள்வியே இல்லை. நாற்பத்தைந்து வருஷமாக ஒவ்வொரு தலைமுறையும் இதையே கேட்டிருக்கிறது, பதில்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதி தெளிவாகிவிடும்.

பேரேட்டுப் பக்க எண்

பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடு ஞாபகமிருக்கும். நாள், விவரம், பற்று, வரவு. நடுவில் ஒடுங்கலாக ஒரு பத்தி: பேரேட்டுப் பக்க எண். அந்தப் பதிவு பேரேட்டில் எந்தப் பக்கத்துக்குப் போயிருக்கிறது என்று அதில் எழுதுவோம். பேரேட்டிலிருந்து குறிப்பேட்டுக்குத் திரும்பி வரவும் அதேபோல் ஒரு எண் உண்டு. வாடிக்கையாளரின் முகவரியை ஒவ்வொரு பதிவிலும் எழுதுவதில்லை. ஓரிடத்தில் எழுதி, மற்ற இடங்களில் எண்ணை மட்டும் குறிக்கிறோம்.

தரவுத்தளம் என்ற சமாச்சாரத்தின் சாரம் இவ்வளவுதான். அட்டவணைகள், அவற்றை இணைக்கும் எண்கள். இதைக் கணிதமாகச் சொன்னவர் எட்கர் காட். ஆங்கிலேயர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர், பிறகு ஐபிஎம் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர். 1970-ல் வெளியான அவருடைய கட்டுரைதான் இன்றைய தரவுத்தளங்களுக்கெல்லாம் தாய்.

அதற்கு முன்னால் தரவுத்தளம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் ஒரு தகவல் வேண்டுமென்றால் அது இருக்கும் இடத்துக்கு நிரலாளர் வழி பிடித்துப் போக வேண்டும். இந்தப் பதிவிலிருந்து அந்தப் பதிவுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. அந்த முறையின் முன்னோடி சார்லஸ் பாக்மன் 1973-ல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் நிரலாளரைக் கப்பல் வழிகாட்டிக்கு ஒப்பிட்டார். வழி தெரிந்த மாலுமி இல்லாவிட்டால் கப்பல் நகராது. காட் சொன்னது நேர்மாறு: என்ன வேண்டும் என்று மட்டும் கேள், எப்படிப் போவது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்படிக் கேட்பதற்கு ஒரு மொழி வேண்டுமே? அதை ஐபிஎம்மின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-ல் முன்வைத்தார்கள். அதுதான் பின்னால் எஸ்க்யூஎல் ஆனது. கணினி நிபுணர் அல்லாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். யாருக்காக என்று அந்தக் கட்டுரையில் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் முதலில் வருபவர் கணக்கர்! பொறியாளரும் கட்டடக் கலைஞரும் நமக்குப் பின்னால்தான்.

ஆனால் இதெல்லாம் ஓடியது பெரிய நிறுவனங்களின் ராட்சசக் கணினிகளில். கணக்கரின் மேஜைக்கு வந்து சேர இன்னும் சில வருஷங்கள் ஆயின.

ஒரு புள்ளி

வந்து சேர்ந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வேலை பார்த்த வேன் ராட்லிஃப் என்பவருக்கு அலுவலகக் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிக்க ஆசை. ஆட்டங்களின் புள்ளிவிவரங்களை அலச, தன் வீட்டுச் சிறு கணினிக்கு 1978-ல் ஒரு நிரல் எழுத ஆரம்பித்தார். ஆய்வகத்தின் பெரிய கணினியில் இருந்த தகவல் மேலாண்மை மென்பொருள்தான் அதற்கு முன்மாதிரி. ஸ்டார் ட்ரெக் தொடரின் ஸ்பாக் பிறந்த கிரகத்தை நினைத்து 'வல்கன்' என்று பெயர் வைத்தார்.

ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லீ என்ற இருவர் அதை விற்கும் உரிமையை வாங்கி, 'டிபேஸ் டூ' என்று பெயர் மாற்றினார்கள். டிபேஸ் ஒன் என்று ஒன்று வந்ததே கிடையாது. இரண்டு என்றால் முதலாவதில் இருந்த கோளாறெல்லாம் சரியாகியிருக்கும் என்று வாங்குபவர் நினைப்பார் அல்லவா! நிறுவனத்தின் பெயர் ஆஷ்டன்-டேட். அதில் ஆஷ்டன் என்று பங்குதாரர் யாரும் இல்லை.

விற்பனைத் தந்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். சரக்கு உண்மையிலேயே நல்ல சரக்கு. திரையில் ஒரு புள்ளி மட்டும் தெரியும். அதற்குப் பக்கத்தில் 'யூஸ் மெம்பர்ஸ்' என்று அடித்தால் உறுப்பினர் அட்டவணை திறக்கும். 'லிஸ்ட் ஃபார் பாக்கி > 500' என்று அடித்தால் ஐந்நூறுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். அடித்த கட்டளைகளையே ஒரு கோப்பில் எழுதிச் சேமித்தால் அது நிரல். கட்டளை கொடுப்பதற்கும் நிரல் எழுதுவதற்கும் நடுவில் சுவர் இல்லை. இன்றைக்கு ஒரு மாதம் வேலைக்காகப் பழகியவர், அடுத்த மாதம் தனக்குத் தெரியாமலே நிரலாளராகிவிடுவார்.

காட்டின் கோட்பாட்டைக் கறாராகக் கடைப்பிடித்த மென்பொருள் அல்ல டிபேஸ். ஆனாலும் அட்டவணையையே மையமாக வைத்தது. கணக்கு எழுதியவனுக்கு அது போதுமாக இருந்தது.

நம் ஊரில்

இந்திய வங்கிகளுக்குள் கணினி நுழைந்தது சண்டை சச்சரவோடு. வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதே. 1983-ல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயமாக்கல் பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 1984-ல், அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. கிளைகளுக்குப் பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் வந்தன. பெரிய மென்பொருளெல்லாம் மேலிடத்திலிருந்து வரும். ஆனால் மேலிடத்துக்குத் தோன்றாத நூறு சின்னத் தேவைகள் ஒவ்வொரு அலுவலகத்திலும் இருந்தன. லாக்கர் வாடகைப் பட்டியல், காப்பீடு புதுப்பிக்க வேண்டிய தேதிகள், ஊழியர் விடுப்புக் கணக்கு. இதற்கெல்லாம் டிபேஸ், பாக்ஸ்புரோ, கிளிப்பர் தெரிந்த ஒரு எழுத்தர் எங்காவது இருப்பார். மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், அப்படிப்பட்டவருக்கு மாற்றல் உத்தரவு வந்தால் மேலாளரே போய்க் கெஞ்சி நிறுத்தி வைப்பாராம்.

அதே காலத்தில் பெங்களூரில் இன்னொன்று நடந்தது. ஷியாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரக் கணக்குக்குச் சரியான மென்பொருள் கிடைக்காமல் அலுத்துப்போய், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-ல் தொடங்கிய அந்த முயற்சிதான் டாலி. கணக்கு தெரிந்த வீட்டில் பிறந்ததால்தான் அதில் வவுச்சரும் பேரேடும் நமக்குப் பழகிய முகத்தோடு இருக்கின்றன.

இந்தக் கட்டத்தின் பாடம் இதுதான்: வேலை தெரிந்தவன் கையில் கருவி இருந்தால், அவன் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று இன்னொருவருக்கு விளக்கி, அவர் புரிந்துகொண்டதை வாங்கிக்கொண்டு, அது சரியில்லை என்று மறுபடி விளக்கும் அவஸ்தை இல்லை.

ஆனால் கருவிகள் செத்துப்போயின

டிபேஸ் நன்றாக விற்கிறது என்றதும் அதே மொழியைப் பேசும் வேறு மென்பொருள்கள் வந்தன. ஒஹாயோ மாகாணத்தில் டேவிட் ஃபுல்டனின் நிறுவனம் செய்த பாக்ஸ்பேஸ், பாக்ஸ்புரோ இரண்டும் அசலைவிட வேகம். நாண்டக்கெட் நிறுவனத்தின் கிளிப்பர், நிரலைத் தனியாக ஓடும் கோப்பாகவே மாற்றிக் கொடுத்தது. 1988-ல் வந்த டிபேஸ் ஃபோர் பிழைகள் மலிந்து வாடிக்கையாளர்களை வெறுப்பேற்றியது. அதே வருஷம் ஆஷ்டன்-டேட், பாக்ஸ் நிறுவனத்தின் மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. 1990 டிசம்பரில் நீதிபதி, டிபேஸின் காப்புரிமையே செல்லாது என்றார். ஆய்வகத்தின் பழைய மென்பொருளிலிருந்து கிளைத்தது என்பதைப் பதிவு செய்யும்போது மறைத்துவிட்டார்கள் என்பது காரணம். சில மாதங்களில் அந்த உத்தரவை அவரே திரும்பப் பெற்றார். ஆனால் அதற்குள் நிறுவனம் களைத்துவிட்டது.

1991-ல் ஆஷ்டன்-டேட்டை போர்லாண்ட் வாங்கியது. 1992-ல் பாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. அதே 1992-ல் கிளிப்பரை கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வாங்கியது. மைக்ரோசாப்டின் சொந்தப் பிள்ளையான ஆக்சஸ் வெளிவந்ததும் அந்த வருஷக் கடைசியில்தான். விஷுவல் பாக்ஸ்புரோவுக்கு இனி புதுப் பதிப்பு இல்லை என்று 2007-ல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியில் ஆதரவும் முடிந்தது.

பத்துப் பதினைந்து வருஷம் அந்த மொழியில் எழுதிக் குவித்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர்களுடைய நிரல்களும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. கடைக்காரர் கடையை மூடிவிட்டார், அவ்வளவுதான்.

மறந்துபோகும் கவுண்டர்

இதற்கிடையில் இணையம் வந்தது. டிபேஸ் பழகியவர்களுக்கு இங்கே இரண்டு புதுத் தலைவலிகள்.

முதலாவது, மறதி. மேஜைக் கணினியில் நிரல் ஒன்றே ஒன்று, நீங்கள் யார், எங்கே இருந்தீர்கள் என்று அதற்கு ஞாபகம் இருக்கும். வலை வழங்கிக்கு அது கிடையாது. ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் நீங்கள் புது ஆள். பழைய வங்கிக் கிளைகளில் பணம் எடுக்கப் போனால் காசோலையை வாங்கிக்கொண்டு ஒரு பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். காசாளருக்கு உங்கள் முகம் தெரியாது, டோக்கன் எண்தான் தெரியும். 1994-ல் நெட்ஸ்கேப்பின் லூ மோன்டுல்லி கண்டுபிடித்த 'குக்கி' என்பது இந்தப் பித்தளை டோக்கன்தான்.

இரண்டாவது, தெருவில் போகிறவர்களெல்லாம் கவுண்டருக்கு வரலாம். காசோலையில் 'ரூபாய் ஐந்நூறு' என்று எழுதி 'மட்டும்' போடாமல், கோடும் இழுக்காமல் விட்டால் என்ன ஆகும்? யாரோ ஒருவர் பக்கத்தில் நாலு வார்த்தை சேர்ப்பார். வலைப் படிவத்தில் பெயர் கேட்கும் இடத்தில் ஒருவர் பெயருக்குப் பதில் எஸ்க்யூஎல் துண்டு ஒன்றை எழுத, நிரல் அதை அப்படியே தரவுத்தளத்துக்கு அனுப்பினால், அதுவும் கட்டளையோடு சேர்ந்து ஓடிவிடும். இந்த ஓட்டையைப் பற்றி 1998-லேயே பகிரங்கமாக எழுதிவிட்டார்கள். இருந்தும் வருஷக்கணக்கில் தளங்கள் விழுந்துகொண்டே இருந்தன.

புதியவர்களை வலைக்குள் கூட்டிக்கொண்டு வந்தது பிஎச்பி. ராஸ்மஸ் லெர்டார்ப் தன் சுயவிவரப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய 1994-ல் எழுதிக்கொண்ட சின்னக் கருவிகள், 1995-ல் பொதுவுக்கு வந்தன. அதே 1995-ல் மைஎஸ்க்யூஎல்லும் பிறந்தது. இரண்டும் ஜோடி சேர்ந்தன. மலிவு விலை வழங்கிகளில் எல்லாம் இரண்டும் கிடைத்தன. டிபேஸின் புள்ளியைப் போலவே இங்கேயும் சுவர் இல்லை, வலைப்பக்கத்துக்கு நடுவிலேயே நிரலை எழுதிவிடலாம். ஆனால் 'மட்டும்' போட்டுக் கோடு இழுப்பது ஒவ்வொருவரின் சொந்தப் பொறுப்பு. புதியவருக்கு அப்படிக் கோடு இழுக்க வேண்டும் என்பதே தெரியாது. எளிமை இருந்தது, காவல் இல்லை.

சட்டகம் பிறந்தது

ஒரே கோட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து அலுத்தவர்கள் செய்ததுதான் ப்ரேம்வொர்க். கட்டடத் தூண்களும் கதவும் பூட்டும் முதலிலேயே இருக்கும், நீங்கள் அறைகளைப் பிரித்துக்கொண்டால் போதும்.

டென்மார்க்காரரான டேவிட் ஹைன்மயர் ஹான்சன், பேஸ்கேம்ப் என்ற பயன்பாட்டைச் செய்துவிட்டு, அதிலிருந்து பொதுவான பகுதிகளைப் பிரித்தெடுத்து 2004-ல் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்று வெளியிட்டார். பதினைந்து நிமிடத்தில் ஒரு வலைப்பதிவுப் பயன்பாட்டைச் செய்து காட்டிய அவருடைய காணொளி 2005-ல் பெரிய பரபரப்பு. அட்டவணைக்கு இப்படிப் பெயர் வை, கோப்பை இங்கே வை, மீதியை நான் ஊகித்துக்கொள்கிறேன் என்பது ரெயில்ஸின் வழி.

அமெரிக்காவின் கான்சஸ் மாகாணத்தில் லாரன்ஸ் என்றொரு ஊர். அங்கே வெளியான நாளிதழின் இணையப் பிரிவில் அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-ல் வேலை பார்த்தார்கள். பத்திரிகை ஆபீஸ் அல்லவா, இன்று மாலைக்குள் வேண்டும் என்பார்கள், நாளைக்கு வேறொன்று கேட்பார்கள். தரவை உள்ளிடப் போவதோ நிருபர்கள். ஒவ்வொரு தடவையும் அவர்களுக்காக உள்ளீட்டுத் திரை வரைந்துகொண்டிருக்க நேரமில்லை. அதனால் அட்டவணையை விவரித்தால் போதும், சேர்க்க, தேட, திருத்த, நீக்கத் திரைகள் தாமாகவே வரும்படி செய்தார்கள். 2005 ஜூலையில் அதை வெளியிட்டபோது, கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரை வைத்தார்கள்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாத ஒன்று. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் மாசிமோ டி பியரோ என்ற பேராசிரியர், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே 2007-ல் செய்த வெப்2பை. கோப்பை இறக்கி விரித்தால் உடனே ஓடும். நிறுவுதல் என்ற சடங்கே இல்லை. நிரலை எழுதுவதும் உலாவிக்குள்ளேயே, தரவுத்தளமும் கூடவே. வலைக்கு வந்த டிபேஸ் என்று சொன்னால் தப்பில்லை. புதியவருக்கு இவ்வளவு இணக்கமாக வந்தது குறைவு. ஆனால் கூட்டம் ஜாங்கோ பக்கம் போனது. 2020 ஜனவரியோடு பைதான் இரண்டாம் பதிப்புக்கு ஆதரவு முடிந்தது. அதே பேராசிரியர் அடுத்த தலைமுறைக்கென்று பை4வெப்பைத் தொடங்கினார். எளிமையானது எல்லாம் நிலைப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

நிலைத்தது எது?

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில், நூற்பாலை ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தொண்ணூறுகளில் பாக்ஸ்புரோவில் பராமரிப்புக் கட்டணக் கணக்கு எழுதியிருந்தார். அவர் இப்போது இல்லை. அந்தக் கணினியும் காயலான் கடைக்குப் போய்விட்டது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு வந்தபோது பழைய ஆவணங்கள் தேவைப்பட்டன. மூன்றாம் மாடி ஆஜியிடம், வீட்டைத் தன் கணவர் பெயருக்கு மாற்றியபோது சங்கத்துக்குப் பணம் கட்டிய ரசீது இல்லை. மழை வெள்ளத்தில் போய்விட்டது. சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தையும் செல் அரித்திருந்தது. அலமாரியில் ஒரு குறுந்தட்டு கிடைத்தது, அதில் டிபிஎஃப் கோப்புகள். லிப்ரே ஆபீஸில் திறந்தேன். கட்டணம், தேதி, ரசீது எண் மூன்றும் இருந்தன. ஆஜி என் கையைப் பிடித்துக்கொண்டு மராத்தியில் என்னென்னவோ சொன்னார். நன்றி போய்ச் சேர வேண்டியது அந்த நூற்பாலைக் கணக்கருக்கு.

பக்கத்துக் கட்டடத்தில் கதை வேறு. அவர்கள் மாதச் சந்தா கட்டி ஓர் இணையச் சேவையைப் பயன்படுத்தினார்கள். சேவை மூடப்பட்டபோது கைக்குக் கிடைத்தது அச்சிடுவதற்கான பிடிஎஃப் மட்டும். வரிசை வரிசையாகத் தட்டச்சு செய்ய ஆள் வைத்தார்கள்.

டிபிஎஃப் ஏன் பிழைத்தது? கோப்பின் தலையிலேயே புலங்களின் பெயர், வகை, நீளம் எல்லாம் எழுதியிருக்கும். உள்ளே எண்கள்கூட வெறும் எழுத்தாகவே இருக்கும், நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். தேதி எட்டு இலக்கம், வருஷம் நாலு இலக்கத்தோடு. வரைபடத் துறையில் இன்றும் புழங்கும் 'ஷேப்ஃபைல்' வடிவத்தின் தகவல் அட்டவணை இந்த டிபிஎஃப்தான். டிபேஸை விற்ற நிறுவனம் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அட்டவணை இன்னும் இருக்கிறது.

அதேபோல் 1974-ல் கணக்கருக்காக யோசித்த எஸ்க்யூஎல்லும் இருக்கிறது. 2000-ல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்க்யூலைட் இன்று உங்கள் கைப்பேசிக்குள் இருக்கிறது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. 2050 வரை ஆதரவு தருவதாகத் திட்டம் வைத்திருக்கிறார்கள். தரவைப் பாதுகாத்து வைக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் சேர்த்திருக்கிறது.

சரி, எதை எடுப்பது?

வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகள் கிடைக்கின்றன.

1. என் அட்டவணையைச் சொன்னால் எவ்வளவு சீக்கிரம் திரை வரும்? (டிபேஸ் ஜெயித்தது இதனால்.)
2. நான் கேட்காமலே காசோலைக்குக் கோடு இழுக்குமா? (ஆரம்ப கால பிஎச்பி பக்கங்கள் அடி வாங்கியது இதனால்.)
3. கருவி செத்தால் என் தரவு உயிரோடு வெளியே வருமா? (ஆஜிக்கு ரசீது கிடைத்தது இதனால்.)

ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் ப்ரேம்வொர்க்கே வேண்டாம். ஆக்சஸ் அல்லது லிப்ரே ஆபீஸின் பேஸ் போதும். நாலு பேர் உலாவி வழியாகப் பயன்படுத்த வேண்டும் என்றால், புதியவருக்கு நான் சொல்வது ஜாங்கோ, அதனோடு எஸ்க்யூலைட். உறுப்பினர், வீடு, ரசீது என்று மூன்று அட்டவணைகளைப் பைதானில் விவரித்தால் நிர்வாகத் திரை கூடவே வந்துவிடும். யாருக்குப் பார்க்க மட்டும் அனுமதி, யாருக்குத் திருத்த அனுமதி என்று பிரிக்கலாம். அந்தத் திரை வழியாக யார், எப்போது, எந்தப் புலத்தை மாற்றினார் என்ற குறிப்பும் சேரும். தணிக்கை பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வழக்கமான முறையில் எழுதினால் எஸ்க்யூஎல் ஓட்டைக்கும் காவல் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. அந்த நிர்வாகத் திரை நம்பகமான உள் ஆட்களுக்கு, பொதுமக்களுக்குத் திறந்துவிட அல்ல. பணத்தொகைக்குத் தசமப் புலத்தையே பயன்படுத்துங்கள். மிதவைப் புள்ளி எண்ணில் வைத்தால் கூட்டும்போது பைசா உதைக்கும்.

மலிவு பிஎச்பி வழங்கிதான் இருக்கிறது, உதவிக்கு ஆளும் அந்தப் பக்கம்தான் என்றால், 2011-ல் வந்த லாராவெல் நல்லது. நிர்வாகத் திரையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். புலங்களைத் திரையிலேயே வரைய ஆசைப்பட்டால் மும்பையில் ருஷப் மேத்தா தொடங்கிய ஃபிராப்பே இருக்கிறது. நிறுவுவது கொஞ்சம் பாடு.

ஜாங்கோவும் சும்மா இருக்க விடாது. நீண்ட ஆதரவுப் பதிப்பு என்றாலும் மூன்று வருஷம்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்த வேலைக்கு இரண்டாவதாக ஒருவரைப் பழக்கி வையுங்கள். மாற்றல் உத்தரவு எல்லோருக்கும் ஒரு நாள் வரும்.

இப்போது செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தந்துவிடுகிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எழுதித் தரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு உரிமையாளர்கள் இருக்கலாம், ஒரே ரசீதில் மூன்று மாதக் கட்டணம் வரலாம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாவிட்டால் அழகாக ஓடும் தப்பான நிரல்தான் கிடைக்கும்.

ஆகவே இன்று மாலை ஒரு தாளை எடுங்கள். மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் என்னென்ன பத்திகள், எதிலிருந்து எதற்குப் பக்க எண் போகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். பத்து நிஜ ரசீதுகளை அதில் பதிந்து பாருங்கள். இடிக்கும் இடத்தை அழித்து மறுபடி வரையுங்கள். ப்ரேம்வொர்க்கைப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கலாம். அந்தத் தாளில் இருக்கும் மூன்று கட்டங்கள் அதற்குப் பிறகும் இருக்கும்.